கதை மாந்தரும் அறத்தீர்ப்பும்

கதை கேட்பதில் விருப்பமில்லாத மக்கள் எந்நாட்டிலும் இலர். பாட்டி கூறும் கதையைக் கேட்கும் குழந்தை இடையிடையே ஒரு வினாவைத் தவறாமல் எழுப்பும். இவன் நல்லவனா, கெட்டவனா என்பதே அவ்வினா. அரசகுமாரன் நல்லவன், அரக்கன் கெட்டவன் என்று பாட்டி சொல்லிவிட்டால் குழந்தையின் மனம் அமைதியுறும். ஆண்டு ஏற ஏற நாம் படிக்கும் கதைகளும் வளர்கின்றன. நல்லவன் என்று நாம் போற்றியவன் தகாத செயலொன்றைச் செய்கின்றான். தீயவன் என்று நாம் ஒதுக்கியவன் தன் பக்கத்திலும் நியாயம் உண்டு என்கின்றான். இருவர் உரையும் பொருத்தமுடையனவாகவே தோன்றுகின்றன. அப்போது அந்தப் பழைய வினாவுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. அத்தகைய கதைகளை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

யார் கூற்று?

செய்யுள் ஒன்றைப் பாடஞ் சொல்லத் தொடங்குமுன், 'இது யார் கூற்று?' என வினவுதல் தமிழாசிரியர் மரபு. அகப்பாட்டாயின் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என வகுப்பர். காப்பியமாயின், புலவர் தம் வாயால் கூறுவதைக் கவிக்கூற்று என்றும், ஏனையவற்றை அவ்வம் மாந்தர் கூற்று என்றும் பிரிப்பர். இப்பகுப்பு இலக்கணத்திற்கு மட்டும் உரியதன்று. கதையில் அறத்தை ஆராய்வார்க்கும் இதுவே முதற்படி.

கைகேயியின் மனத்தைத் திரிக்கக் கூனி கூறும் உரைகளைக் கம்பர் மிகுந்த சொல்லாற்றலோடு அமைத்துள்ளார். மாற்றாள் மகன் அரசனானால் கைகேயிக்கும் அவள் மகனுக்கும் நேரக்கூடிய சிறுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, கூனி அவளை அச்சுறுத்துகின்றாள். அவள் பேச்சில் வலிமை இல்லையாயின், இராமனிடத்துப் பேரன்பு பூண்டிருந்த கைகேயி மனம் மாறியிருப்பாளா? அவ்வுரையை அழகுறப் பாடியதனால் கம்பர் கூனியின் கட்சியைச் சேர்ந்தவர் ஆகார். தீமை எப்போதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நல்ல நியாயம் பேசிக்கொண்டும் வரும் என்பதைக் காட்டவே அவர் அவ்வாறு பாடினார். பாத்திரத்தின் சொல்லை ஆசிரியரின் தீர்ப்பாகக் கொள்ளுதல், வழக்கறிஞர் வாதத்தை நீதிபதியின் தீர்ப்பாகக் கொள்ளுதல் போன்றதாகும்.

காரணமும் நியாயமும்

அடுத்து நாம் காணவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு செயல் எதனால் நிகழ்ந்தது என்பது காரணம். அச்செயல் செய்யத் தக்கதே என்று நிறுவுவது நியாயம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவோர் பலர்.

சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், அப்பழியைக் கோவலன்மேல் சுமத்துகின்றான். தன் களவு வெளிப்பட்டுவிடுமே என்னும் அச்சம் அதற்குக் காரணம். பாண்டியன் நெடுஞ்செழியனோ, ஊடிய தேவியின் சினத்தைத் தணிக்க விரைந்து செல்லும் வேளையில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்றுக்கொள்கின்றான். மனக்கலக்கமும் விரைவும் அதற்குக் காரணங்கள். அச்சம் வந்தால் மனிதன் பொய் சொல்லுவான். மனம் கலங்கினால் ஆராய்ச்சி குன்றும். இவற்றை அறிந்தபோது அவர்களை நாம் நன்கு விளங்கிக்கொள்கின்றோம். ஆயினும், குற்றமற்ற கோவலன் கொலையுண்டது நேரிதே என்று கூற அக்காரணங்கள் ஒருபோதும் உதவா.

உண்மை வெளிப்பட்டபோது பாண்டியன் யாது செய்தான்? பொற்கொல்லன் தன்னை ஏமாற்றினான் என்று கூறியிருக்கலாம். தேவியின் ஊடலை எடுத்துக்காட்டியிருக்கலாம். கைவசம் இருந்த காரணங்களுள் ஒன்றையேனும் அவன் நியாயமாக மாற்ற முயலவில்லை. தவறு தன்னுடையதே என்று ஏற்று, அரியணையிலேயே உயிர் நீத்தான். பாண்டியன் தவறியவனாயினும் அவனை இளங்கோவடிகள் நம் வெறுப்புக்கு உரியவனாக ஆக்காமைக்கு இதுவே காரணம்.

வாலியின் வழக்கு

தமிழ்க் காப்பியங்களில் மிகுதியாக வழக்காடப்பெற்ற செயல், இராமன் வாலியை மறைந்து நின்று எய்தமையே ஆகும். காரைக்குடியில் 1939ஆம் ஆண்டில் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகமும், அதன்பின் பல ஊர்களில் தோன்றிய கழகங்களும் நடத்திய விழாக்களில் இவ்வழக்கு பன்முறை பட்டிமண்டபம் ஏறியுள்ளது. கட்சி இரண்டாகப் பிரிந்து அறிஞர்கள் வாதிட, மக்கள் விழித்திருந்து கேட்பர். கம்பர் எளிய தீர்ப்பொன்றை எழுதிவைத்திருந்தால் இத்துணைக் காலம் இவ்வழக்கு நிலைத்திராது.

கம்பர் வழக்கை அமைக்கும் முறை கருதத்தக்கது. போருக்குப் புறப்படும் வாலியைத் தாரை தடுக்கின்றாள். சுக்கிரீவனுக்கு இராமன் துணையாக வந்துள்ளான் என்று எச்சரிக்கின்றாள். வாலி அவளைக் கடிந்துரைக்கின்றான். தம்பிக்காக அரசைத் துறந்தவனும், தம்பியரையே தன் உயிராகக் கருதுபவனுமாகிய இராமன், உடன்பிறந்தார் இருவர் போரில் இடைபுகுந்து அம்பு எய்வானா என்பது அவன் கருத்து. இராமனது அறத்தின்மேல் வாலி வைத்த நம்பிக்கையே அவனை அம்பின் எதிரே கொண்டுபோய் நிறுத்துகின்றது. இப்பகுதியைப் படிப்போரின் உள்ளம் வாலியின் பக்கம் சாயுமாறு கம்பரே செய்துவிடுகின்றார்.

மார்பில் தைத்த அம்பைப் பற்றி அதிலுள்ள பெயரைக் கண்ட வாலி, வினாக்களை அடுக்குகின்றான். உன் மனைவியைக் கவர்ந்தவன் ஓர் அரக்கனாயிருக்க, உனக்குத் தீங்கு செய்யாத என்னை எய்தது எந்த அறம்? துணை வேண்டுமாயின் வலியவனாகிய என்னை விட்டு எளியவனைத் தேடியது ஏன்? இவ்வாறு அவன் கேட்பவை எல்லாம் கூரியவை.

இராமன் விடையளிக்கின்றான். பகைவனைத் துரத்திக் குகைக்குள் புகுந்த வாலி நெடுங்காலம் மீளவில்லை. அவன் இறந்தான் என்று கருதி, மற்றவர் வற்புறுத்தச் சுக்கிரீவன் அரசேற்றான். மீண்டு வந்த வாலி, தம்பி கூறிய விளக்கத்திற்குச் செவி கொடாமல் அவனை அடித்துத் துரத்தினான். அவன் மனைவியையும் கவர்ந்துகொண்டான். தஞ்சம் புகுந்த எளியவனைக் காத்தலும், இத்தகைய தீமையை ஒறுத்தலும் அறமே என்பது இராமன் விடையின் சாரம். மணமுறைகள் மனிதர்க்கு உரியன, எம் வானர இனத்துக்கு இல்லை என்று வாலி மறுக்கின்றான். நன்மை தீமைகளை அறியும் அறிவு பிறப்பைப் பொறுத்ததன்று, அறிந்தவன் விலங்காயினும் அறத்திற்குக் கட்டுப்பட்டவனே என்று இராமன் அதற்கும் விடை தருகின்றான்.

பின்னர் வாலி தன் கடைசி வினாவை விடுக்கின்றான். அவ்வாறே ஆயினும், வேடன்போல் ஒளிந்து நின்று எய்தது ஏன் என்பதே அது. இவ்விடத்தில் கம்பர் ஒரு நுட்பத்தைச் செய்துள்ளார். வான்மீகியார் காப்பியத்தில் அதற்கும் இராமனே விடை கூறுகின்றான். கம்பரோ அவ்விடையை இலக்குவன் வாயில் வைத்தார். உன் தம்பி முன்னரே அடைக்கலம் புகுந்தான். எதிரே வந்து நின்றால் நீயும் அடைக்கலம் என்று கேட்கக்கூடும். கொடுத்த வாக்குப் பிழையாதிருக்கவே மறைந்து எய்தான் என்கின்றான் இளையவன். இவ்விடை போதுமா? போதும் என்பார் உளர். போதாது என்பாரும் உளர். கொன்றது ஏன் என்னும் வினாவுக்கு வாய் திறந்த இராமன், மறைந்தது ஏன் என்னும் வினாவுக்கு வாய் திறவாமை நம் சிந்தனைக்கு உரியது.

வாலியின் பக்கத்தையும் அவ்வாறே துருவிப் பார்த்தல் வேண்டும். தன்னை எய்தவனிடம் விளக்கம் கேட்கும் வாலி, குகை வாயிலை அடைத்தது ஏன் என்று விளக்க வந்த தம்பிக்குச் செவி கொடுத்தானா? அவன் சுக்கிரீவனுக்கு மறுத்த ஒன்றை இராமன் அவனுக்கு அளிக்கின்றான். ஆயினும், அம்பு முந்தியது, விளக்கம் பிந்தியது. இருவர் பக்கத்திலும் நியாயமும் குறையும் கலந்து கிடக்கின்றன. இறுதியில் சினம் தணிந்த வாலி, தம்பி மது மயக்கத்தால் பிழை செய்யினும் அவன்மேல் அம்பு தொடுக்க வேண்டா என்று இராமனை வேண்டுகின்றான். தன்னை அழிக்கச் செய்தவனுக்காகப் பரிந்து பேசும் அந்த நிலையில், குற்றஞ்சாட்டி நின்ற வாலியினும் உயர்ந்த வாலியை நாம் காண்கின்றோம்.

ஆரூர் மன்னன் தீர்ப்பு

குள்ளஞ்சாவடி, கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் உள்ள ஊர். அச்சாலையில் குறிஞ்சிப்பாடியைக் கடந்து சென்றால் வடலூரை அடையலாம். அங்கே 1867ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தோர்க்கு உணவளித்தவர் இராமலிங்க அடிகள். பாடல்களாற் புகழ்பெற்ற அடிகள், 1854ஆம் ஆண்டில் 'மனுமுறைகண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். பெரிய புராணத்தில் சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் வரலாறே அந்நூலின் பொருள்.

திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரூர்ந்து சென்றபோது, துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்தது. அறியாமல் நேர்ந்த பிழைக்கு அறநூல் கூறும் கழுவாய் உண்டு என்றனர் அமைச்சர். அரசன் அதற்கு உடன்படவில்லை. தன் மகன் ஓர் உயிரைக் கொன்றால் கழுவாய். வேறொருவன் கொன்றால் கொலைத் தண்டனை என்றால் அது முறையாகுமா என்பது அவன் வாதம். மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்லுமாறு அமைச்சர் ஒருவருக்கு ஆணையிட்டான். அவரோ அதனைச் செய்யவும் மாட்டாமல், மறுக்கவும் மாட்டாமல் தம் உயிரைத் துறந்தார். அதன்பின் அரசன் தானே மகன்மேல் தேரைச் செலுத்தினான்.

இக்கதையில் அறத்தை விரும்பாதவர் ஒருவரும் இல்லை. ஆயினும் அறம் எது என்பதில் அவர்கள் கருத்து வேறுபடுகின்றது. செய்தவன் உள்ளத்தைக் கொண்டு குற்றத்தை அளக்கவேண்டும் என்பது அமைச்சர் கருத்து. இழந்தவர் துயரத்தைக் கொண்டு அளக்கவேண்டும் என்பது அரசன் கருத்து. இன்றைய நீதிமன்றங்கள், அறியாது நேர்ந்த இறப்பையும் எண்ணிச் செய்த கொலையையும் வேறுவேறாகவே கருதும். அவ்வகையில் அமைச்சர் கூறியதில் பிழை காண்டல் அரிது. அவ்வாறாயின் உலகம் அரசனைப் போற்றுவது ஏன்? அவன் கூறிய நியாயம் அவனுக்கே பெருந்துயரைத் தந்தது. பிறருக்குத் துன்பம் விளைத்துத் தனக்கு நலம் சேர்க்கும் நியாயங்களையே மிகுதியாகக் கேட்டுப் பழகிய உலகிற்கு, அவ்வரசனின் சொல் புதுமையாயிற்று. பகையரசனாக வந்து இலங்கையை ஆண்ட எல்லாளனைப் பற்றியும் மகாவமிசம் இத்தகைய வரலாறு ஒன்றைக் கூறி, அவனது நடுவுநிலைமையைப் பாராட்டுகின்றது.

மற்றொன்றும் நோக்குக. கதை அரசகுமாரன் இறப்போடு முடியவில்லை. இறைவன் தோன்றிக் கன்றையும், அமைச்சரையும், அரசகுமாரனையும் எழுப்பித் தருகின்றான். வெறும் நீதி மட்டும் நின்றால் எஞ்சுவன மூன்று உடல்களே என்பதைக் கதை அறிந்திருக்கின்றது. ஆகவேதான் முறை தவறாத மன்னனுக்கு முடிவில் அருள் தேவைப்படுகின்றது. எவ்வுயிரிடத்தும் இரங்கிய அடிகள், இவ்வரலாற்றை உரைநடையில் எழுதப் புகுந்ததும், தண்டிக்குமுன் மன்னன் தான் செய்த தீவினை யாதோ என்று தன்னையே நெடிது வினவிக் கலங்குவதாக விரித்து எழுதியதும் வியப்பன்று.

கடலூர் தந்த இருவர்

அதே சாலையில் எதிர்ப்புறம் சென்றால் கடலூரை அடையலாம். இக்காலத் தமிழ்ச் சிறுகதையில் அறவழக்கைக் கூர்மையாக எழுப்பிய இருவர் அந்நகரிற் பிறந்தவர்கள். ஒருவர், 1906ஆம் ஆண்டில் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்த புதுமைப்பித்தன். மற்றொருவர், 1934ஆம் ஆண்டிற் பிறந்த ஜெயகாந்தன்.

புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டில் 'சாபவிமோசனம்' என்னும் கதையை எழுதினார். இராமன் திருவடித் துகளால் கல்லுருவம் நீங்கிய அகலிகை, பிற்காலத்தில் சீதையைச் சந்திக்கின்றாள். சீதையைத் தீப்புகச் செய்த செய்தியை அறிகின்றாள். தவறியதாக உலகம் கூறிய தன்னை மன்னித்தவன், தவறே செய்யாத சீதையிடம் சான்று கேட்டானா என்று திகைக்கின்றாள். உலகிற்கு மெய்ப்பிக்கவேண்டும் என்னும் நியாயம் அவள் உள்ளத்தை அமைதிப்படுத்தவில்லை. அவள் மீண்டும் கல்லாகின்றாள். ஒருவருக்கு ஓர் அளவு, மற்றவருக்கு வேறோர் அளவு என்னும் குறையை ஆசிரியர் எங்கும் வாதித்து நிறுவவில்லை. அகலிகையைக் கல்லாக்கி நிறுத்தினார். பழங்காப்பியத்தை இவ்வாறு மாற்றலாமா என்று வருந்துவோர் உண்டு. ஆயினும் அவர் எழுப்பிய வினா, காப்பியத்தை ஆழ்ந்து படித்தவருக்கே எழக்கூடிய வினாவாகும்.

ஜெயகாந்தன் 1966ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் கதையை எழுதினார். கல்லூரியிற் பயிலும் ஏழைப் பெண் ஒருத்தி, ஒரு மழைநாள் மாலையில் அயலான் ஒருவனால் கெடுக்கப்படுகின்றாள். அழுதுகொண்டு வீடு திரும்பிய மகளைக் கண்டு தாய் முதலில் கொதிக்கின்றாள். பின்னர் அவள் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவளே என்று தேற்றி அணைத்துக்கொள்கின்றாள். இத்தாய் செய்தது சரியா என்று தமிழ்நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது. உலகியலுக்கு ஒவ்வாது என்றனர் சிலர். தாய்மையின் அறம் இதுவே என்றனர் சிலர்.

எதிர்ப்பைக் கண்ட ஆசிரியர் கட்டுரை எழுதி வாதிடுவதோடு நின்றுவிடவில்லை. அதே நிகழ்ச்சியை எடுத்து, தாய் அவ்வாறு பொறுமையாக நடவாமல் அலறி ஊரறியச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலில் எழுதிக்காட்டினார். அந்நாவலில் பெண்ணின் வாழ்வு முழுதும் வேறு வழியிற் செல்கின்றது. வீட்டாராலேயே புறந்தள்ளப்பட்ட அவள், பழியைச் சுமந்தவாறே வாழ்கின்றாள். 1972ஆம் ஆண்டில் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே செயல், இரு தீர்ப்புகள், இரு வாழ்க்கைகள். குற்றம் செய்தவன் எங்கோ மறைந்துவிட, குடும்ப மானம் என்னும் நியாயத்தின் சுமை முழுவதும் குற்றமற்றவள் தலையில் விழுவதை அவ்விரு கதைகளையும் ஒருங்கே வைத்துப் படிப்போர் உணர்வர்.

நம் பகுதியின் வழக்கு

இதுகாறும் கண்டவற்றால், கதையைப் படிப்போர் கைக்கொள்ளத்தக்க மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. இது யார் கூற்று? இவர் கூறுவது காரணமா, நியாயமா? அந்நியாயத்தின் சுமை யார் தலையில் விழுகின்றது? இவ்வினாக்கள் நூல்களுக்கு மட்டும் உரியன அல்ல.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. நிலத்தின் கீழுள்ள கரியைத் திறந்தவெளிச் சுரங்கத்தால் எடுக்கவேண்டுமாயின், மேலுள்ள வயலும் வீடும் அகற்றப்படல் வேண்டும். பல இலட்சம் வீடுகளில் விளக்கெரியவும் தொழில்கள் நடக்கவும் மின்சாரம் வேண்டும் என்பது ஒரு சாரார் நியாயம். முன்னோர் உழுத நிலத்தையும் குலதெய்வக் கோயிலையும் பணம் ஈடுசெய்யுமா என்பது மற்றொரு சாரார் நியாயம். தந்தை நிலத்தை இழந்து வருந்த, மகன் அச்சுரங்கத்திலேயே வேலை பெற்று மகிழும் வீடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். இரு நியாயங்களும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும்.

இதனைக் கதையாக எழுதுவோர், அலுவலரை அரக்கராகவும் உழவரை அறிவிலிகளாகவும் காட்டினால், அக்கதை பாட்டி கதையினும் தாழ்ந்ததாகிவிடும். இருவர் பேச்சையும் அவரவர் பேசுமாறு முழு வலிமையோடு அமைத்தல் எழுத்தாளர் கடமை. பலர் நன்மைக்காக என்று சொல்லப்படும்போது இழப்பவர் யார், அவர் இழந்ததற்கு ஈடாகப் பெற்றது யாது என்று கேட்டுப் படித்தல் நம் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏதோ ஒரு நியாயம் உண்டு என்று அறிந்தவுடன், எல்லாம் நியாயமே, எதுவும் குற்றமன்று என்று சிலர் முடிவு கட்டிவிடுவர். அது நடுவுநிலைமை ஆகாது. ஆராயும் உழைப்புக்கு அஞ்சும் சோம்பலே ஆகும். துலாக்கோல் இரு தட்டுகளையும் ஏற்கின்றது. ஆயினும் எடை மிக்க தட்டு தாழ்ந்தே தீரும். வாலியின் வழக்கில் முடிவு கூறத் தயங்குகின்ற நாம், பொற்கொல்லன் செயலில் தயங்குவதில்லை. அந்தப் பெண்ணைக் கெடுத்தவன் செயலிலும் தயங்குவதில்லை. ஐயம் எழவேண்டிய இடத்தில் ஐயுறுதலும், தெளிவுள்ள இடத்தில் தெளிந்து கூறுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அறிவு.

வகுப்பில் ஒருவன் மற்றொருவனை அடித்துவிட்டு, அவன் என்னை ஏசினான் என்பான். அது காரணம். அதனை நியாயம் என்று எண்ணி அவன் நிமிர்ந்து நிற்கும்போது, நீங்கள் வாலியையும் பாண்டியனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தவன் சொல்லைக் கேளுங்கள்; அடிபட்டவன் சொல்லையும் கேளுங்கள். அவ்வாறு கேட்டபின் கூறும் சொல், காலம் தாழ்ந்து வந்தாலும் இருவருக்கும் பயன்படும்.

பயிற்சி வினாக்கள்

1. கவிக்கூற்று, பாத்திரக் கூற்று ஆகியவற்றின் வேறுபாட்டைக் கூனியின் உரைகொண்டு விளக்குக.

2. காரணத்திற்கும் நியாயத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? பாண்டியன் காரணங்களைக் கூறித் தப்ப முயலாமையால் பெற்ற பெருமை யாது?

3. வாலியின் கடைசி வினாவுக்கு இலக்குவன் கூறிய விடை போதுமானதா? உம் கருத்தைத் தக்க சான்றுகளுடன் எழுதுக.

4. மனுநீதிச் சோழன் வரலாற்றில் அரசன் கருத்தும் அமைச்சர் கருத்தும் எவ்வாறு வேறுபடுகின்றன? நீவிர் எதனை ஏற்பீர்?

5. உம் ஊரில் இரு சாராரும் நியாயம் பேசும் வழக்கு ஒன்றைத் தேர்ந்து, யாரையும் இகழாமல், இருவர் உரையாடலாக ஒரு பக்க அளவில் எழுதுக.